சிக்கனம் என்றால் வயிற்றைக் கட்டுவதல்ல

(தெமோதரையில் ஓய்வை நெருங்கும் அங்கத்தவர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளிக்குச் சிக்கனம் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ரொட்டியும் சம்பலும் தின்று, சாயத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள் நாம். இதற்கு மேலும் வயிற்றைக் கட்டச் சொல்வது அநியாயம்.

ஆனால் 55 வயதைத் தாண்டிய நமக்கு வேறொரு சிக்கனம் தேவை. முப்பது வருட உழைப்பின் பணம் ஒரே தடவையில் கைக்கு வரப்போகிறது. அதற்குப் பிறகு 10ஆம் திகதி சம்பளம் இல்லை. வருகிற பணம் கரையாமல் காப்பதே நாம் பேசும் சிக்கனம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி கிடைக்கிறது. குறைந்தது 5 வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கணக்குக்காக 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு 18,900 ரூபாய். 30 வருடத்துக்கு 5,67,000 ரூபாய். கடைசிச் சம்பளம் கூடினால் இதுவும் கூடும்.

பெரிய தொகையாகத் தெரிகிறது. ஆனால் மாதம் 12,000 ரூபாய் எடுத்துச் செலவழித்தால் நான்கு வருடம்கூட வராது. 64 வயதுக்குள் தீர்ந்துவிடும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும்தான் அதற்குப் பிறகு துணை. அந்தப் பணத்தையும் மகனின் ஆட்டோவுக்கு முற்பணமாகவும், பேத்தியின் சடங்குக்காகவும் முழுவதும் கொடுத்துவிட்டால், பிறகு மருந்துக்குக்கூடப் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நமக்கென்று ஒரு பங்கை வங்கியில் வைத்துவிட்டு மிச்சத்தில் கொடுப்போம்.

இனி, இப்போதே பழக வேண்டியவை.

ஒன்று, கடனோடு ஓய்வுக்குப் போகக் கூடாது. நுண்கடனோ, நகை அடகோ, கடைக்கணக்கோ, வட்டி அதிகமானதை முதலில் அடைப்போம். புதிய கடனுக்குக் கையெழுத்து வைக்கவோ, பிறர் கடனுக்குப் பிணை நிற்கவோ இது வயதல்ல.

இரண்டு, கடைக் கொப்பியை நாமும் எழுதுவோம். கடைக்காரர் மட்டும் எழுதுகிற கணக்கு நம் கணக்கல்ல. மாதச் சாமான்களைச் சம்பளத்தன்று கைக்காசுக்கு வாங்கினால், எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்பது தெரியும். சாராயத்துக்கும் வெற்றிலைக்கும் புகையிலைக்கும் போகிற காசையும் அதே கொப்பியில் எழுதுவோம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை.

மூன்று, லயத்தைச் சுற்றி உள்ள துண்டு நிலத்தில் கீரை, போஞ்சி, மரவள்ளி போடுவோம். மலை ஏற முடியாத வயதிலும் செய்யக்கூடிய வேலை இது. கறிக்கு ஆகும் செலவும் குறையும்.

நான்கு, ஓய்வுக்கு முந்திய வருடத்தில் மூன்று மாதம், பிறகு கிடைக்கப்போகும் அளவு காசில் மட்டும் குடும்பம் நடத்திப் பார்ப்போம். எங்கே இடிக்கிறது என்பது சம்பளம் வரும்போதே தெரிந்தால் சரிசெய்ய வழி உண்டு.

ஐந்து, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் மட்டும் போவதில்லை. 1350 ரூபாய்க்கு நம் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம், மொத்தம் 270 ரூபாய் சேமலாப நிதிக்கு வருகிறது. நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் 3 வீதம் கட்டுகிறது. சுகமில்லை என்றால் ஓய்வெடுக்கத்தான் வேண்டும். காரணமில்லாமல் நிற்கும் நாள்தான் நட்டம். கோபத்தில் வருடம் பூர்த்தியாகும் முன் பேர் வெட்டிக்கொண்டு போனாலும் அந்த வருடத்தின் 14 நாள் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கனம் கடதாசிகளைக் காப்பது. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றிருந்தால், பணம் இருந்தும் கைக்கு வராமல் அலைய வேண்டிவரும். சேமலாப நிதியின் ‘பி’ கார்ட், கணக்குக் கூற்று, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைப்போம். பெயர் பிழையை இப்போதே திருத்துவோம். பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்றும் பார்ப்போம். இறந்துபோனவரின் பெயர் அதில் இருந்தால் மாற்ற வேண்டும்.

சேவைக்காலப் பணம், வேலை முடிந்து 30 நாளுக்குள் தரப்பட வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிந்துகிறது என்றால் தனியாக அலையாமல் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் உங்களோடு தொழில் அலுவலகத்துக்கு வரும்.

நாம் சிக்கனம் பேசுவது சம்பளம் போதும் என்பதனால் அல்ல. போதாது. அதற்கான போராட்டம் தொடரும். போராடி வாங்கியதை வீணாக்காமல் காப்பதும் அந்தப் போராட்டத்தில் ஒரு பகுதிதான். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பையைத் தேடி எடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.