சிப்பிக் கடனும் நம்மூர்ச் சாக்கடையும்

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற கூட்டத்தில் நீங்கள் ஒரு கோரிக்கை வைத்தீர்கள். கேரளத்தில் காயலோரத்துப் பெண்கள் கயிற்றில் சிப்பி வளர்த்துச் சம்பாதிக்கிறார்களாமே, நம்மூரிலும் உப்பாறு ஓடுகிறதே, அதற்கு வட்டியில்லாக் கடன் தரக்கூடாதா என்று கேட்டீர்கள். அன்றே 'சரி' என்று சொல்லிவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் முன்பு ஆடு வளர்க்கக் கடன் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். ஆடு வாங்கக் காசு கொடுத்தோம்; மழைக்காலத்தில் அதைக் கட்டிவைக்க மேடான இடம் இருக்கிறதா என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. ஆடும் போயிற்று, கடனும் போயிற்று. இரண்டொரு வீடுகளில் எங்களைக் கண்டால் சலாம் சொல்வதும் நின்றுபோயிற்று. குற்றம் அவர்களுடையது அல்ல, எங்களுடையது. அதனால்தான் இம்முறை முதலில் பார்த்துவிட்டு வருவோம் என்று நிர்வாகிகள் மூவர் காசர்கோடு மாவட்டம் படன்னாவுக்குப் போய்வந்தோம்.

படன்னா கவ்வாயிக் காயலின் கரையில் இருக்கிறது. மாப்பிள்ளைமார் நிறைய வாழும் பகுதி. பச்சை ஓடுள்ள சிப்பியை அங்கே கல்லுமக்காய் என்கிறார்கள். அரிசி மாவையும் தேங்காயையும் சிப்பிக்குள் திணித்து, அவித்து, மசாலா தடவிப் பொரித்துத் தந்தார்கள். அதை மூன்று பேரும் எத்தனை தின்றோம் என்பது கணக்கில் எழுதப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடல் பாறையில் மூழ்கிப் பறித்துவந்த சிப்பி அது. கொச்சியில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய முறையைக் கொண்டு 1990களின் பிற்பகுதியிலிருந்து காயலிலேயே வளர்க்கத் தொடங்கினார்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வங்கிக் கடன் வாங்கி இறங்கினார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறோம். ஆழம் குறைந்த இடத்தில் மூங்கில் கழிகளை ஊன்றி, குறுக்கே கட்டிப் பந்தல் மாதிரி ஒரு சட்டம் போடுகிறார்கள். கடல் பாறையிலிருந்து சுரண்டி எடுத்த பொடிச் சிப்பிதான் விதை. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு மீட்டர் நைலான் கயிற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை கிலோ விதையை வைத்து, கொசுவலைப் பருத்தித் துணியால் சுற்றித் தைத்துத் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். சில நாளில் சிப்பி தன் நாரை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. துணி தானாக இற்றுப்போகிறது. பிறகு ஐந்து, ஆறு மாதம். எல்லாம் கூடிவந்தால் ஒரு மீட்டருக்கு எட்டு, பத்து கிலோ கிடைக்கிறது. ஓட்டோடு சேர்ந்த எடை அது. தைப்பது, சுற்றுவது, பிறகு அவித்துச் சதை எடுப்பது எல்லாம் பெண்கள் கைவேலை.

இதில் எங்களை முதலில் கவர்ந்தது, தீவனச் செலவு இல்லை என்பதுதான். இறால் பண்ணை வைத்தவரைக் கேளுங்கள், தீவனக் கடையில் அவர் வைத்திருக்கும் பாக்கியைச் சொல்வார். சிப்பிக்கு யாரும் இரை போடுவதில்லை. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய பாசியை வடிகட்டித் தின்றுவிட்டு, தண்ணீரை வெளியே விடுகிறது. ஒவ்வொரு சிப்பியும் மணிக்கு லிட்டர் கணக்கில் இப்படி வடிகட்டுகிறது.

தாய்மார்களே, எங்கள் கவலையும் அங்கேதான் தொடங்கிற்று. வடிகட்டி என்றால் நல்லதும் அதில் தங்கும், கெட்டதும் தங்கும். தண்ணீரில் மலக்கழிவு கலந்திருந்தால் அதிலுள்ள கிருமி சிப்பியின் உடம்பில் சேர்ந்து கூடிக்கொண்டே போகும். மீனைப் போலக் குடலை எடுத்து எறிந்துவிட்டுச் சமைக்கிற பொருளும் அல்ல இது. உள்ளே இருப்பது முழுவதையும் தின்கிறோம். ஐரோப்பிய நாடுகளில் சிப்பி வளரும் நீர்ப்பகுதியையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிப்பிச் சதையில் மலக்கிருமி எவ்வளவு என்று பார்த்து, இந்த இடத்துச் சிப்பியை நேரே விற்கலாம், அந்த இடத்துச் சிப்பியைச் சுத்த நீரில் போட்டு வைத்த பிறகுதான் விற்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் ஒரு நாள் போட்டு வைத்தால் சிப்பி தன் வயிற்றைக் கழுவிக்கொள்ளும். நன்றாக அவித்தால் கிருமி பெரும்பாலும் சாகும். ஆனால் ஈயம், பாதரசம் போன்றவை இந்த இரண்டுக்கும் போகாது. சில வகைப் பாசி கடலில் திடீரென்று பெருகும்போது சிப்பியில் சேரும் நஞ்சும் அவித்தால் போகாது. 1997இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பி தின்ற ஏழு பேர் இந்த நஞ்சால் இறந்துபோனார்கள். நம் தமிழ்நாட்டிலும் 1981இல் மட்டி தின்று உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. காலங்காலமாகச் சிப்பி தின்கிற ஊரில் நடந்ததால் சொல்கிறோம். கடல்நீர் நிறம் மாறியிருக்கும் நாளிலும், மீன்துறை எச்சரிக்கை விடும் நாளிலும் கை வைக்கக்கூடாது.

இப்போது நம் உப்பாற்றுக்கு வருவோம். படன்னாவில் கண்டதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து காயலில் உப்பு ஏறிய பிறகு, நவம்பர், டிசம்பரில் விதை கட்டி, அடுத்த மழை வருமுன் மே மாதத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள். மழை முந்திக்கொண்டால் தண்ணீர் நன்னீராகிச் சிப்பி கயிற்றிலேயே செத்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் அறுப்பதால் விலையும் விழுகிறது. நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் வெள்ளம். ஆகவே தை பிறந்த பிறகுதான் விதை கட்ட முடியும். ஆனால் கோடையில் நம் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுகிறதே! உள்ளே நிற்கும் தண்ணீர் கடலைவிட உப்பாகி, சூடாகி, நாறிப்போவதை நீங்களே பார்க்கிறீர்கள். விதைக்கும் இங்கே பாறை இல்லை. வெளியூர்ப் பாறையில் சுரண்டினால், அங்கே பெரிய சிப்பி பறித்துப் பிழைப்பவர் சும்மா இருப்பாரா?

தூத்துக்குடியில் அதே ஆராய்ச்சி நிலையம் ஆளி வளர்க்கும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. பாலத் தூணில் ஒட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் காலைக் கிழிக்குமே, அந்த ஆளிதான். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சிப்பியைவிட நன்றாகத் தாங்கும். பழைய ஓடுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் குஞ்சு தானாக வந்து ஒட்டும். நம் ஆற்றுக்கு அதுவே பொருத்தம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் சந்தையில் ஆளியை யார் வாங்குகிறார்கள்? வாங்குபவரைக் கண்டுபிடிக்காமல் கடன் கொடுப்பது பழைய ஆட்டுக்கடன் மாதிரித்தான் முடியும்.

ஹலாலா என்று சிலர் கேட்டீர்கள். நாம் ஷாஃபிஈ மத்ஹபினர். கடலிலேயே வாழும் பிராணிகளை உண்ண நம் மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் மீன் தவிர மற்றதற்கு அனுமதி இல்லை. உள்நாட்டு ஊர்களில் சம்பந்தம் செய்தவர்களுக்கு இது தெரியும். சம்பந்தி வீட்டார் வரும் நாளில் மட்டி ஆக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது. மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை எங்களால் தள்ளிவைக்க முடியவில்லை. கடன் எதுவும் கேட்காமலேயே நம் உப்பாற்றில் தினமும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலால் துழாவி மட்டி பொறுக்கும் ராத்தாமார் இருக்கிறார்கள். இந்த அவையிலும் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மட்டி விற்கவும் போகிறது, வீட்டுச் சட்டிக்கும் போகிறது. அது வடிகட்டிக் குடிக்கும் தண்ணீரில் எது வந்து கலக்கிறது? ஊரில் இருந்து இறங்கும் மூன்று சாக்கடைகளையும் கரையோடு நடந்து பார்த்தோம். இரண்டு, தெருச் சாக்கடைகள். மூன்றாவது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம் அறக்கட்டளையின் திருமண மண்டபத்துக்கும் மாணவர் விடுதிக்கும் பின்னால் போகும் குழாய். கழிவுத்தொட்டி நிறைந்து வழிவது நேரே ஆற்றில் விழுகிறது. கட்டியபோது செலவைக் குறைக்கப் பார்த்தோம். பிறகு யாரும் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று நம் மருத்துவ உதவி நிதியில் பணம் வாங்கினீர்களே, அதில் எத்தனைக்கு இந்தக் குழாய் காரணமோ, அல்லாஹ் அறிவான்.

பொறுக்குவதிலும் ஒரு வரம்பு வேண்டும். கொல்லம் அஷ்டமுடிக் காயலில் ஏற்றுமதிக்காக மட்டியை அள்ளு அள்ளென்று அள்ளி, 1990களின் தொடக்கத்தில் வரத்து பாதியாய்க் குறைந்துபோயிற்று. பிறகு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மட்டி இனம் பெருகும் மாதங்களில், எடுப்பதை நிறுத்தினார்கள். பொடி மட்டி சிக்காதபடி வலைக்கண்ணைப் பெரிதாக்கினார்கள். 2014இல் அந்த மட்டித் தொழிலுக்குச் சர்வதேசச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அப்படிச் சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான். நம் ஆற்றிலும் எந்த மாதத்தில் பொடி மட்டி கூடுதலாகக் கிடைக்கிறது என்பது பொறுக்குகிற உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஆகவே நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பது இது. சிப்பிக் கடனுக்கான படிவம் இன்று தரப்போவதில்லை. முதலில் நம் குழாயை அடைத்து, புதுக் கழிவுத்தொட்டி கட்டுகிறோம். அது முடியும்வரை மண்டபத்துக்குப் புது முன்பதிவு இல்லை. அதனால் வரும் நஷ்டத்தை அறக்கட்டளை தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே பதிவு செய்தவர்களின் விசேஷங்களுக்குக் கழிவை லாரியில் ஏற்றி அனுப்புவோம். தெருச் சாக்கடைகளுக்காகப் பேரூராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிறகு மழைக்குப் பின் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் ஆற்றுநீரையும் மட்டியையும் மீன்வளக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு நல்லதோ கெட்டதோ, அப்படியே இந்த இதழில் அச்சிடுவோம். நன்றாக வந்தால், மீன்துறையிடம் முறையாக அனுமதி கேட்போம். ஆற்றில் வலை கட்டும் அக்கரை மீனவர்களிடமும் உட்கார்ந்து பேசுவோம்; அவர்கள் பாட்டுவழியில் நாம் கழி ஊன்றக்கூடாது. அதன் பிறகு இன்ஷா அல்லாஹ் ஒரே ஒரு குழுவுக்கு, ஒரே ஒரு பந்தலுக்கு முதலில் கடன். அது நஷ்டமானால் திருப்பிக் கேட்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுப்போம்.

அதுவரை மட்டி பொறுக்கும் ராத்தாமாருக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்குக் கீழ்ப்பக்கத் துறையில் எடுக்காதீர்கள். முகத்துவாரத்தை ஒட்டி, கடல்நீர் ஏறி இறங்கும் இடத்தில் எடுங்கள். கொத்தனார் வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இடம் பார்க்க வருகிறார். ஆற்றோரத்தை நன்கு அறிந்த இருவர் அப்போது எங்களோடு இருந்தால் நல்லது. பெயரைக் கூட்டம் முடிந்ததும் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.