தாமதமாக வந்த வாக்கு
(மக்கள் சேவை மையப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கவுண்டரில் நாம ஒரு ரசீது கொடுக்கிறோம். வாங்குகிறவர் அதை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்கிறார். ஏன்? அரசு முத்திரை இருக்கே, வேலை நடக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்தே ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியவர், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

1789 செப்டம்பரில் அவர் பொறுப்பேற்றபோது, விடுதலைப் போருக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. மத்திய அரசுக்குச் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர். மாநிலங்களுக்குத் தனியாகச் சுமார் 2 கோடியே 50 லட்சம். போரிட்ட சிப்பாய்கள் பலருக்குச் சம்பளத்துக்குப் பதில் கடன் பத்திரம்தான் கிடைத்தது. பத்திரம் சோறு போடுமா? வயிற்றுப்பாட்டுக்காக, ஒரு டாலர் பத்திரத்தை 20 சென்ட்டுக்கும் அதற்குக் கீழும் விற்றுவிட்டார்கள்.

1790 ஜனவரியில் ஹாமில்டன் அறிக்கை வைத்தார். கடனை முழு மதிப்புக்கே ஏற்போம், மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே சுமக்கும் என்றார். அப்போ சிப்பாய்க்கு என்ன வழி? அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று வாதாடினார் ஜேம்ஸ் மாடிசன். நியாயமான கேள்விதாங்க. ஹாமில்டன் ஒப்பவில்லை. கைமாறலாம் என்று எழுதிக் கொடுத்த பத்திரத்துக்குப் பின்னால் விதியை மாற்றினால், அடுத்த பத்திரத்தை யார் நம்புவார்கள் என்பது அவர் வாதம். அவர் பக்கமே ஜெயித்தது.

கடனைக் கட்ட இறக்குமதித் தீர்வை வசூலானது; கடத்தலைத் தடுக்க 10 கப்பல்களுக்கு அனுமதி கிடைத்தது. 1791-ல் தேசிய வங்கிக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டு போட்ட சாராய வரி 1794-ல் பென்சில்வேனியாவில் கலகத்தில் முடிந்ததும் உண்மை. ஆனாலும் மதிப்பிழந்து கிடந்த அமெரிக்கப் பத்திரத்தை ஐரோப்பாவிலேயே நம்பி வாங்கினார்கள்.

நாடு பிழைத்தது. விற்றுவிட்ட சிப்பாய்க்கு மட்டும் எதுவும் திரும்பவில்லை. காலத்தில் சம்பளம் வந்திருந்தால் அவர் விற்றிருப்பாரா?

நமக்கும் இதுதான் பாடம். சொன்ன தேதிக்குச் சான்றிதழ் வரலைன்னா, ஏழைதான் முதலில் இடைத்தரகரைத் தேடிப் போவார். வாக்கைக் காப்பாற்றினால் போதாது. காலத்தில் காப்பாற்ற வேண்டும்.