வலிக்கிறது என்றால் நம்புங்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

1972-ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியில் பி.யு.சி. முடித்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவன் நான். எலும்பு முறிவு மருத்துவனாக முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். சங்கச் செயலாளர் போன் செய்து, "டாக்டர், உங்க சாதனைகளைப் பத்தி அரை மணி நேரம் பேசணும்" என்றார். "சாதனை வேண்டாம், நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசறேன்" என்றேன். "அதுவும் நல்லதுதான். ஆனா பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்! ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1986-ஆம் ஆண்டு. ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் இருந்தேன். இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும், வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்துப் படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. "ஐயா, நெருப்புல வச்ச மாதிரி எரியுதுங்க. சேலை முந்தானை பட்டாக்கூடத் தாங்க முடியலைங்க" என்றார். துணியை எடுத்துப் பார்த்தேன். கை வீங்கிச் சிவந்து, வேர்த்துப் போயிருந்தது. ரத்தப் பரிசோதனை செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கூட வந்த மாமியார், "வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறா டாக்டர்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, எலும்பு நல்லாக் கூடிடுச்சு. ரத்தமும் சரியா இருக்கு. எல்லாம் மனசுலதான் இருக்கு. ஈரத்துணியைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க." அனுப்பிவிட்டேன்.

நண்பர்களே, இதிலே வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நோயைப் பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து அறுவை மருத்துவர் பால் சூடெக் 1900-லேயே எக்ஸ்ரே படத்தோடு அதை விவரித்து, இது அழற்சியால் வருவது என்று எழுதிவிட்டார். புத்தகத்தில் இருந்ததை எனக்கு நேரில் பார்க்கத் தெரியவில்லை.

அதற்கும் முன்னால், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களுக்கு பிலடெல்பியாவில் வைத்தியம் பார்த்தவர் வெய்ர் மிட்சல். காயம் ஆறிய பிறகும் கை எரிகிறது என்று அவர்கள் துடித்ததை 1864-இல் எழுதி வைத்தார். அந்தச் சிப்பாய்களும் கையை ஈரமாகவே வைத்திருந்தார்களாம். தண்ணீர் பாட்டிலும் பஞ்சும் கையோடு எடுத்துக்கொண்டே திரிந்தவர்களும் உண்டு. பல வருடம் கழித்து இதைப் படித்தபோது அந்த ஈரத்துணி என் கண் முன்னால் வந்து நின்றது.

இந்த நோய்க்குப் பல பெயர் வைத்தார்கள். 1994-இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வைத்த பெயரின் சுருக்கம்தான் இன்று எல்லோரும் சொல்லும் சி.ஆர்.பி.எஸ். முறிவு, சுளுக்கு, அறுவை என்று ஏதோ ஒன்றுக்குப் பிறகு, அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி ஒரு கையிலோ காலிலோ தங்கிவிடுவதுதான் இது.

அழற்சி என்ற சொல்லிலேயே அழல், அதாவது தீ, இருக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று இதன் நான்கு அடையாளங்களை ரோமாபுரியின் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். காலில் முள் குத்தினால் இந்த நான்கும் வரும். முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். சி.ஆர்.பி.எஸ். வந்தவர்களுக்கு அது அடங்குவதில்லை. ஏன்?

நரம்பு என்றால் தபால்காரர் மாதிரி, வலிச் செய்தியை மூளைக்குக் கொண்டு போவதுதான் அதன் வேலை என்று நாம் படித்தோம். உண்மையில் அந்தத் தபால்காரர் போகிற வழியில் அடுப்பையும் மூட்டிவிட்டுப் போகிறார்! வலியை உணரும் மெல்லிய நரம்பு நுனிகள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அதில் ஒன்று 1931-இல் கண்டுபிடித்த 'சப்ஸ்டன்ஸ் பி'. அது ரத்தக்குழாயின் சுவரைக் கசிய விடுகிறது. அதனால் வீக்கம். இன்னொன்று சி.ஜி.ஆர்.பி. அது குழாயை விரிக்கிறது. அதனால் சிவப்பும் சூடும். இதற்கு நரம்புவழி அழற்சி என்று பெயர்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனையில் ஏன் தெரியவில்லை? ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பு முழுக்கப் பரவிய அழற்சியைத்தான் நன்றாகக் காட்டும். இதுவோ ஒரு கையோடு நிற்கும் தீ. நெதர்லாந்து மருத்துவர்கள் நோயாளிகளின் வலிக்கும் கையிலும் நல்ல கையிலும் சிறு கொப்புளம் எழுப்பி, அந்த நீரை ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்டார்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற இரண்டு பொருள்களும் வலிக்கும் கையில் அதிகமாக இருந்தன. சூடெக் சொன்னதற்கு நூறு வருடம் கழித்துச் சாட்சி கிடைத்தது. மனசில் இருப்பதாக நான் சொன்னது கையில்தான் இருந்தது!

ஆனால் அழற்சி மட்டுமே முழுக்கதை அல்ல. மாதங்கள் போகப் போகப் பலருக்குச் சூடு குறைந்து கை சில்லிட்டுப் போகும். வலி மட்டும் நிற்கும். அதற்குள் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகி, சின்னத் தொடுதலையும் பெரிய அடியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் அழற்சிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. ஆகவே சீக்கிரம் கண்டுகொள்வதுதான் முக்கியம். ஆரம்பத்திலேயே வலியைக் கட்டுப்படுத்தி, பிசியோதெரபி மூலம் மெல்ல மெல்லக் கையை அசைக்க வைக்க வேண்டும். சிலருக்குத் தொடக்க நாள்களில் குறுகிய காலம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பதும் உண்டு. (தயவுசெய்து நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.) பெரும்பாலோர் முதல் ஒரு வருடத்திலேயே நன்றாகத் தேறுகிறார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது.

அந்த இட்லிக் கடை அம்மா அடுத்த வருடம் வேறு வேலையாக மருத்துவமனைக்கு வந்தார். வலி பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. "இடது கையாலேயே மாவு கரைக்கப் பழகிட்டேனுங்க" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வலியைக்கூடத் தாங்கிக்கிட்டேனுங்க ஐயா. படிச்ச நீங்களும் எங்க வீட்டுல சொன்னதையே சொல்லிட்டீங்களே, அதுதான்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தம்பி தங்கையரே, நீங்கள் எல்லோரும் டாக்டர் ஆகப் போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ பாட்டியோ மாவுக்கட்டோடு இருப்பார்கள். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை டாக்டர் சொன்னபடி தினமும் அசைக்கச் சொல்லுங்கள். கட்டு இறுகி விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். கட்டு பிரித்த பிறகு எரியுது என்று சொன்னால் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், சூடு, வீக்கம், வியர்வை வித்தியாசமாக இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஒரு டாக்டர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

இதே கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியர், "முதல்ல கண்ணால பாருடா, அப்புறம் நோட்டுல எழுது" என்பார். தவளையை அறுக்கும்போது கேட்டுக்கொண்ட பாடத்தை மனுஷரிடம் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.

 பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் மன்னிக்கவும்.