கூடைக் கணக்கும் மணிக் கணக்கும்

சாந்தோம் கடற்கரையில் காலையில் உலாவும் வாலிபர்களுள் சிலர், 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர் 1000 பேருக்கு ஆஸ்திரேலியா 2024 முதல் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் வழங்கும் விடுமுறை வேலை விசாவில் சென்று, அங்குள்ள தோட்டங்களில் பழம் பறிக்க உத்தேசித்திருக்கக்கூடும். பறித்த கூடைக்கு இவ்வளவு என்று கூலி தருவது அங்கே நெடுநாள் வழக்கம். நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்கியும் கூடை நிரம்பாத புதியவர்களின் பாடு பரிதாபம். 2022 ஏப்ரல் முதல், கூடை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், உழைத்த ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சக் கூலி சட்டப்படி உண்டு. மீண்டும் சொல்கிறேன், ஒவ்வொரு மணிக்கும் உண்டு. ஆகையால், காலண்டரில் பால் கணக்கு குறிப்பதுபோல், வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அன்றன்றே எழுதிவையுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளியே கேட்டாலும் ஒப்படைக்காதீர்கள்.