ஒருவரை இறக்கினால் போதுமா?

(கேமரன் மலை, ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மக்களுக்குப் பிடிக்காமல் போன ஒரு பிரதமரை எதிர்த்து எப்படிப் பிரச்சாரம் செய்வது என்று எதிர்க்கட்சிகள் தங்களுக்குள் நடத்திய வாதத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அது கட்சித் தலைவர்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயம், கொழுந்து பறிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாதத்தின் முடிவு நாடு முழுவதும் ஒரு மாதிரியும், நம் கேமரன் மலையில் வேறு மாதிரியும் வந்தது. ஏன் என்று யோசிக்க வேண்டியது நாம்தான். அடுத்த பொதுத் தேர்தலுக்கும் இதே ஜீப்பில், இதே ஒலிபெருக்கியோடு வரத்தான் போகிறார்கள்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் நம்மவர்கள் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. அதே டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இசா சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் பிரதமர் அப்துல்லா படாவி பதவி விலகினார். அப்போது நாம் மகிழ்ந்தோம். அவர் இடத்துக்கு வந்தவர் யார்? டத்தோ ஸ்ரீ நஜிப்! ஒருவரை இறக்கினால் இன்னொருவர் ஏறுவார் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

2013-இல் இண்ட்ராப் வேறு வழியில் போய்ப் பார்த்தது. தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பிரச்சினை உட்பட ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதி இரு தரப்பிடமும் கொண்டுபோனது. பொ. வேதமூர்த்தி உண்ணாவிரதமும் இருந்தார். எதிரணி கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரல் 18-இல் நஜிப் கையெழுத்துப் போட்டார். வேதமூர்த்தி துணை அமைச்சர் ஆனார். 2014 பிப்ரவரியில், ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று சொல்லி விலகினார். இயக்கத்துக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது, அது உங்களுக்குத் தெரியும். கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது, அதை நிறைவேற்ற வைக்கிற பலமும் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் படித்த பாடம்.

இனி எதிர்க்கட்சிகளின் வாதத்துக்கு வருவோம். 2015 ஏப்ரல் முதல் தேதி 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. சாமான் விலை ஏறியது. அதே ஆண்டு ஜூலையில் 1எம்.டி.பி. விவகாரமும், நஜிப்பின் கணக்கில் 260 கோடி வெள்ளி என்ற செய்தியும் வெடித்தன. கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முகிதின் நீக்கப்பட்டார். மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஆனால் அந்தக் கொதிப்பை எப்படி ஓட்டாக மாற்றுவது என்பதில் எதிர்க்கட்சிகளுக்குள் ஒற்றுமை இல்லை.

அவர்கள் முன்னால் மூன்று கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி, யாரோடு சேர்வது? நஜிப்பை இறக்க மகாதீரோடு சேரலாமா? 1987-இல் ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் லிம் கிட் சியாங்கை உள்ளே தள்ளியது மகாதீரின் ஆட்சி. 1998-இல் அன்வாரைப் பதவியிலிருந்து நீக்கியவரும் அவர்தான். அப்படியிருந்தும் 2016 மார்ச் 4-இல் மகாதீரும் லிம் கிட் சியாங்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து மக்கள் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். 2018 ஜனவரியில் மகாதீரே பிரதமர் வேட்பாளர் என்று பக்காத்தான் ஹராப்பான் அறிவித்தது. இதைச் சகிக்க முடியாத இளைஞர்கள் சிலர் ஓட்டைக் கெடுத்துப் போடுவோம் என்று இயக்கமே நடத்தினார்கள்.

இரண்டாவது கேள்வி, எதைப் பேசுவது? களவுபோன கோடிகளைப் பேசுவதா, அரிசி எண்ணெய் விலையைப் பேசுவதா? கோடிகள் பட்டணத்தில் எடுபட்டன. நம்மைப் போன்ற குடும்பத்துக்குக் கோடி எத்தனை சைபர் என்பதைவிட மாதக் கடைசியில் கையில் எத்தனை வெள்ளி மிஞ்சும் என்பதுதான் பெரிது. கடைசியில் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள். தேர்தல் அறிக்கையில் ஜி.எஸ்.டி.யை 100 நாளில் ஒழிப்போம், முதல் தவணைக்குள் குறைந்தபட்ச சம்பளத்தை 1,500 வெள்ளியாக்குவோம் என்று எழுதினார்கள்.

மூன்றாவது கேள்வி, சிறிய கட்சிகளை என்ன செய்வது? மலேசிய சோசலிசக் கட்சியான பி.எஸ்.எம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினையைப் பல காலமாகப் பேசிவருகிற கட்சி. அதோடு பக்காத்தானுக்கு உடன்பாடு ஏற்படவில்லை. இந்த மூன்றாவது கேள்விதான் நம் தொகுதியில் வெடித்தது.

2018 மே 9-இல் நாடே நஜிப்பைத் தூக்கி எறிந்தது. நம் கேமரன் மலையில் என்ன ஆனது? ம.இ.கா. வேட்பாளர் சிவராஜ் 10,307 ஓட்டு. ஜ.செ.க.வின் மனோகரன் 9,710 ஓட்டு. வித்தியாசம் 597. பி.எஸ்.எம். வேட்பாளர் சுரேஷ் குமார் வாங்கியது 680 ஓட்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 2013-இல் டத்தோ ஸ்ரீ பழனிவேல் இதே மனோகரனை வென்றதும் 462 ஓட்டில்தான்.

இந்த 680-ஐ இரண்டு விதமாகப் பேசலாம். பி.எஸ்.எம். ஓட்டைப் பிரித்துவிட்டது என்று சொல்லலாம். அல்லது, எங்கள் வீட்டையும் சம்பளத்தையும் பேசிய கட்சியை வெளியே நிறுத்திவிட்டு எங்கள் ஓட்டை மட்டும் எப்படிக் கேட்டீர்கள் என்றும் திருப்பிக் கேட்கலாம். நான் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறேன். நஜிப் மீது இருந்த கோபம் மட்டும் போதும், அதுவே ஜெயிக்க வைக்கும் என்று நம்பினால் இங்கே 597 ஓட்டில் தோற்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. மேலே தானா ராத்தா. கீழே லிப்பிஸ் பக்கம் ஜெலாய். அதே நாளில் தானா ராத்தாவை ஜ.செ.க. வென்றது. ஜெலாயை அம்னோவின் வான் ரோஸ்டி வென்று பகாங் மந்திரி பெசாரும் ஆனார். பட்டணத்தில் எடுபட்ட பேச்சு கம்பத்திலும் ஓராங் அஸ்லி கிராமங்களிலும் எடுபடவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், நமக்கு வேண்டிய முதல் பொருள் நிலம். அரசியல் சட்டப்படி நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. புத்ராஜெயாவில் யார் உட்கார்ந்தாலும் தேயிலை மலையில் ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டா கொடுக்க வேண்டியது பகாங் மாநில அரசு. 2018-இல் பிரதமர் மாறினார், பகாங் ஆட்சி மாறவில்லை. தோட்ட வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். தோட்ட வீடுகளின் தரம் பற்றி 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீடு உனக்கே சொந்தம் என்று சொல்லவில்லை. மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் இதே கதிதான். பிரதமரைத் திட்டும் மேடையில் இந்த விஷயத்துக்கு இடமே கிடைக்கவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் பெரிய பாடம். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று 2018 நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல். நஜிப் இறங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, நேற்றைய எதிர்க்கட்சி இன்று ஆளும் கட்சி. ஆனாலும் தேசிய முன்னணி ஜெயித்தது, அதுவும் 3,238 ஓட்டு வித்தியாசத்தில்! ரம்லி முகமட் நோர் மக்களவைக்குப் போன முதல் ஓராங் அஸ்லி ஆனார். ம.இ.கா. போட்டியிட்டு வந்த தொகுதி கைமாறியது.

என்ன காரணம்? இறக்குவதற்கு ஆள் இல்லாமல் போனதும் பிரச்சாரத்தில் பேச ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம், உங்களில் ஒருவர் என்று ஓராங் அஸ்லி மக்களிடம் ஒருவரை நிறுத்தினார்கள். இந்தப் பக்கம், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற தோக் பாத்தின்கள் அரசாங்க வேட்பாளரைத்தான் ஆதரிக்க வேண்டும் என்ற தொனியில் ஆளும் தரப்பு செனட்டர் ஒருவர் பேசி மாட்டிக்கொண்டார். எதிர்க்கட்சியாக இருந்தபோது கண்டித்ததையே ஆளும் கட்சி ஆனதும் செய்தால் மக்கள் எப்படி நம்புவார்கள்?

சரி, கொடுத்த வாக்கு என்ன ஆனது? ஜி.எஸ்.டி. 2018 ஜூன் முதல் தேதி சைபர் ஆனது. அது தெளிவான வாக்கு, நாள் குறித்த வாக்கு, அதனால் நடந்தது. சம்பளம்? 2019-இல் 1,100 வெள்ளி. 2020 பிப்ரவரியில் 1,200 வெள்ளி, ஆனால் மாநகர், நகராண்மைப் பகுதிகளுக்கு மட்டும். கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் இருப்பதால் இங்கே 1,100 வெள்ளியோடு நின்றது. பட்டணத்தில் பருப்பு விலை ஒன்று, மலையில் பருப்பு விலை பாதி என்று யாராவது சொன்னார்களா? அந்த மாதக் கடைசியிலேயே ஆட்சியும் கவிழ்ந்தது. 1,500 வெள்ளி எப்போது வந்தது? 2022 மே மாதம், அம்னோ பிரதமர் இஸ்மாயில் சப்ரி காலத்தில்! 2025 பிப்ரவரியில் அன்வார் ஆட்சியில் 1,700 ஆனது.

இதே மாதிரி இன்னொரு தேயிலை மலையிலும் நடந்தது. இலங்கையில் 2015 ஜனவரி 8 அதிபர் தேர்தல். மகிந்த ராஜபக்சவை எப்படி வீழ்த்துவது என்று எதிர்க்கட்சிகள் யோசித்து, அவர் அமைச்சரவையில் இருந்த மைத்திரிபால சிறிசேனவையே பொது வேட்பாளராக நிறுத்தின. நம் மகாதீர் கதை மாதிரியே! மலையகத்தின் பெரிய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவோடு நின்றது. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் மைத்திரிதான் வென்றார். மகிந்த போனார். ஏழு பேர்ச் நிலத்தோடு தனி வீடு என்ற கோரிக்கை தெளிவாக இருந்ததால் ஓரளவு வீடுகள் எழுந்தன. ஆனால் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்ற கோரிக்கை அந்த நல்லாட்சி அரசில் நிறைவேறவில்லை. 2021 மார்ச்சில், மகிந்தவின் தம்பி கோத்தபாய அதிபராக இருந்தபோதுதான் சம்பளச் சபை வழியாக வந்தது.

இதைச் சொல்வதால் அம்னோவையோ ராஜபக்சவையோ நான் புகழ்கிறேன் என்று யாரும் திரித்துவிட வேண்டாம். கொள்ளையடித்த தலைவரை இறக்கத்தான் வேண்டும். நஜிப் 2022 ஆகஸ்ட் 23-இல் சிறைக்குப் போனது நியாயத்துக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அம்னோவும் பக்காத்தானும் ஒரே கூட்டரசு அமைத்தன. பகாங்கிலும் சேர்ந்தே ஆட்சி அமைத்தன. ஒருவரையொருவர் திருடன் என்று நம் முன்னால் கத்தியவர்கள் ஒரே மேசைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வழி கிடைத்தது. லயத்தில் இருந்த நாம் லயத்திலேயே இருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, எதிர்க்கட்சிக்கு 'இவரை இறக்கு' என்ற ஒரு வரி போதும். நமக்குப் போதாது. அடுத்த தேர்தலில் யார் மேலே ஏறி வந்தாலும், ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ, நாம் மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, வீட்டு நிலத்தை மாநில வேட்பாளரிடம் கேட்போம். நாடாளுமன்ற வேட்பாளர் புத்ராஜெயாவைக் காட்டித் தப்பிக்க விடக்கூடாது. ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்கு எந்த நிலம், எந்த ஆண்டுக்குள் என்று எழுத்தில் வாங்குவோம்.

இரண்டு, குறைந்தபட்ச சம்பளத்தில் பட்டணம், மலை என்ற பாகுபாடு இனி ஒருபோதும் வரக்கூடாது என்று கேட்போம். தேயிலை மலையில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். அவர்களுக்குச் சம்பளம் குறைந்தால் நமக்கும் குறையும். அவர்கள் நம் எதிரிகள் அல்ல.

மூன்று, ஓராங் அஸ்லி மக்களோடு பேசுவோம். 2019-இல் இந்தத் தொகுதியின் சுமார் 32,000 வாக்காளர்களில் நாம் ஏறக்குறைய 15 விழுக்காடு, அவர்கள் ஏறக்குறைய 22 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர்கள் கேட்பதும் நிலம், நாம் கேட்பதும் நிலம். தனித்தனியாக நின்றால் அரிசி மூட்டையும் டி-சட்டையும்தான் கிடைக்கும். சேர்ந்து ஒரே தாளில் கேட்டால் எந்த வேட்பாளரும் அந்தத் தாளைப் படிக்காமல் மலை இறங்க முடியாது.

462, 597. இந்த இரண்டு எண்களை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு தோட்டத்து ஓட்டு அளவுதான். நம்மிடம் கொஞ்சம் ஓட்டுதான் இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். யார் இறங்க வேண்டும் என்று அவர்கள் வாதம் செய்யட்டும். நமக்கு என்ன வேண்டும் என்ற வாதத்தை இன்றைக்கே, இந்த மண்டபத்திலேயே, நாம் தொடங்குவோம். உங்கள் தோட்டத்தில் ஓய்வு பெறப் போகிற குடும்பங்கள் எத்தனை, அடையாளக் கார்டு இல்லாதவர்கள் எத்தனை, ஓட்டுப் பதிவில் பெயர் சரியாக இல்லாதவர்கள் எத்தனை என்று ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கை வைத்துப் பேசுவோம்.

மக்கள் சக்தி வாழ்க!