சொத்தைக் கடலையின் கணக்கு

நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் செய்த பிழை ஒன்றை முதற்கண் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறேன். ஆசிரியரின் பிழையைக் கேட்பதில் மாணவர்க்கு ஒரு தனி இன்பம் உண்டு என்பதனை, முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனாகிய நான் அறியேனா?

அது 2005-ஆம் ஆண்டின் கார்த்திகை மாதம். மணிலாக்கொட்டை மிகுதியாக விளையும் ஊர் ஒன்றில், விடுதியோடு கூடிய பள்ளி. மணிலாக்கொட்டையை எங்கள் பக்கத்தார் ‘மல்லாட்டை’ என்பர். நூல்கள் நிலக்கடலை என்னும். அவ்வாண்டு பருவமழை எவ்வளவு கடுமையாகப் பெய்தது என்பது உங்கள் பெற்றோர்க்கு நினைவிருக்கும். பிடுங்கிய செடியைக் காயவைக்க வெயில் இல்லை. அந்நிலையிலும் உழவர் ஒருவர், தம் மகன் பயிலும் பள்ளி என்ற அன்பினால், இரண்டு கோணிக் கடலையை விடுதிப் பிள்ளைகளுக்கென அனுப்பிவைத்தார்.

பத்து நாள் கழித்து விடுதியின் சமையற்கார அம்மாள் என்னை அழைத்துச் சென்று கோணியின் வாயை அவிழ்த்துக் காட்டினார். புழுங்கிய வாடை எழுந்தது. சில காய்களை உடைத்துப் பார்த்தேன். பருப்பின்மேல் மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படர்ந்திருந்தது. “கொட்டிடலாம் சார், புள்ளைங்க திங்கற பொருளு” என்றார் அந்த அம்மாள். நானோ அறிவியற் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவன். “அம்மா, பூஞ்சணம் என்பது ஓர் உயிர். நெருப்பிலே எந்த உயிர் பிழைக்கும்? கழுவிக் காயவைத்து வறுத்துக் கொடுங்கள்” என்று ஆணையிட்டேன். பிள்ளைகள் இரண்டு வாரம் மாலைதோறும் வறுத்த கடலை தின்றனர். ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. “பார்த்தீர்களா?” என்று அம்மாளிடம் பெருமையும் பேசினேன்.

கிணற்றில் நஞ்சிட்ட கள்வனைக் கொன்றுவிட்டால் கிணற்று நீரும் தூய்மையாகிவிடும் என்று நம்புவது எத்தகைய பேதைமை! என் வாதம் அத்தகையதே. நெருப்பில் மடிவது பூஞ்சணம்; அது பருப்பினுள் சுரந்துவைத்த நஞ்சு மடிவதில்லை. கொதிக்கும் நீரின் வெப்பத்திற்கு அந்நஞ்சு சிறிதும் அஞ்சாது. நன்றாக வறுத்தால் ஒரு பகுதி சிதையும். மீதி அப்படியே நிற்கும்.

அந்த நஞ்சை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரெனச் செத்து விழலாயின. சில திங்களுக்குள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை மடிந்தன. காரணம் விளங்காமையால் அந்நோய்க்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டனர். இயற்கணிதத்தில் நாம் அறியாத எண்ணுக்கு இடும் எழுத்தையே நோய்க்கும் இட்டனர்! ஒட்டுண்ணியோ தொற்றோ என்று தேடிக் களைத்தபின், குஞ்சுகளுக்கு இட்ட தீவனத்தை ஆராய்ந்தனர். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது தேடல். அதில் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் குடியிருந்தமையால், அப்பெயரின் எழுத்துக்களைச் சேர்த்து அஃப்ளடாக்ஸின் என்று நஞ்சுக்குப் பெயர் வைத்தனர். புற ஊதாக் கதிரின் கீழே வைத்தால் இதன் சில வகைகள் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிரும். நீலத்திற்கும் பச்சைக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கொண்டே பி1, பி2, ஜி1, ஜி2 எனப் பிரித்தனர். இவற்றுள் கொடியது பி1.

பூஞ்சணம் அனைத்தும் பகையென்று கருதிவிடாதீர்கள். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின், பூஞ்சணத்தின் கொடையே அன்றோ? நஞ்சு சுரக்கும் இனமும் எப்போதும் சுரப்பதில்லை. ஈரமும் வெப்பமும் இசைந்தாற்றான் சுரக்கும். ஆதலின் பச்சைப் பொடியைக் கண்டதும் நஞ்சு உறுதி என்று சொல்ல இயலாது. பொடியைக் காணவில்லை ஆதலின் நஞ்சு இல்லை என்றும் சொல்ல இயலாது. பூஞ்சணம் துடைத்தெறியப்பட்ட பின்னும் நஞ்சு தங்கியிருக்கலாம். நிறமும் மணமும் சுவையும் இல்லாத விருந்தாளி அது.

இனி, “மறுநாள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்ற என் பெருமைக்கு வருவோம். மறுநாளே ஆகும் நிகழ்ச்சியும் உண்டு. 1974-ஆம் ஆண்டு இராசத்தான், குசராத்து மாநிலங்களின் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில், அறுவடை வேளையில் காலந்தவறிப் பெய்த மழையால் மக்காச்சோளம் நனைந்து பூஞ்சணம் பூத்தது. வேறு உணவு இல்லாத ஏழை மக்கள் அதனையே அரைத்து உண்டனர். மஞ்சட்காமாலையும், வயிற்றில் நீர் கோக்கும் மகோதரமும் ஊர்தோறும் தோன்றின. நோயுற்றோர் 397 பேர். அவருள் இறந்தோர் 106 பேர். அவ்வீட்டு உணவை உண்ட நாய்களும் இதே நோயால் செத்தன என்பதே மருத்துவர்க்குக் கிடைத்த அருமையான துப்பு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அந்தச் சோளத்தைச் சோதித்தபோது, கிலோவுக்கு 6 மில்லிகிராம் முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. அம்மக்கள் நாள்தோறும் 2 முதல் 6 மில்லிகிராம் வரை உண்டிருக்கலாம் என மதிப்பிட்டனர். 2004-இல் கென்யா நாட்டிலும் மக்காச்சோளத்தாலேயே 317 பேர் நோயுற்று, 125 பேர் மாண்டனர்.

இவை பேரளவால் நேர்ந்த கொடுமை. சிற்றளவின் வழி வேறு. பல்லாண்டுகள் சிறிது சிறிதாக உட்கொள்வோர்க்கு இந்நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அங்ஙனமாயின், இரண்டு வாரம் வயிற்றுவலி வரவில்லை என்பது எதற்குச் சான்று? வயிற்றுவலி வரவில்லை என்பதற்கே சான்று!

அச்சமூட்டிவிட்டேனோ? அச்சத்தை அளந்து பார்க்கத்தான் கணக்கு இருக்கிறது. உணவில் நஞ்சு எவ்வளவு, அவ்வுணவை நாம் உண்பது எவ்வளவு, உண்பவர் யார் என்னும் மூன்றையும் சேர்த்தே கேடு இவ்வளவு என்று கூறவேண்டும். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்குவம் செய்வதற்குரிய நிலக்கடலையில் நம் நாட்டுச் சட்டம் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு, கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு கிலோ என்பது நூறு கோடி மைக்ரோகிராம். நூறு கோடியில் 15 பங்கு! 50 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் நாளும் 50 கிராம் கடலை உண்பதாகக் கொள்வோம். அவன் உட்கொள்ளும் நஞ்சு 0.75 மைக்ரோகிராம், அதாவது 750 நானோகிராம். அவன் எடையால் வகுத்தால், கிலோ ஒன்றுக்கு 15 நானோகிராம். இராசத்தானத்து மக்கள் நாளொன்றுக்கு உண்ட மிகக் குறைந்த அளவுகூட, இம்மாணவன் உண்பதைப்போல் இரண்டாயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேற்பட்டது. ஆகையால் கடையிற் பொட்டலம் வாங்கித் தின்ற மாணவன் நாளைக்கே மஞ்சட்காமாலை வரும் என்று நடுங்க வேண்டுவதில்லை.

நெடுநாளைய கேடு எவ்வளவு? உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு 1997-இல் இதனை மதிப்பிட்டது. உடலெடை கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1 நானோகிராம் நஞ்சு உண்ணும் மக்கள் ஒரு கோடிப் பேர் இருப்பின், அதனால் ஆண்டுக்கு ஒருவர் கல்லீரல் புற்றுநோய்க்கு ஆளாகலாம். நம் மாணவனுக்கு 15 நானோகிராம். ஆகவே அவனைப்போல் வாழ்நாளெல்லாம் உண்போர் ஒரு கோடிப் பேரில் ஆண்டுக்குப் பதினைவர். ஆனால் மஞ்சட்காமாலை ‘பி’ வகைக் கிருமியைக் குருதியில் தாங்கி வாழ்வோர்க்கு இதே நஞ்சு 30 மடங்கு வலிது என்றது அக்குழு. அவர்கள் ஒரு கோடிப் பேராயின் ஆண்டுக்கு 450 பேர்! பின்னாளில் இவ்வெண்கள் ஓரளவு திருத்தப்பட்டன எனினும், கணக்கிடும் முறை இதுவே. பிறந்த குழந்தைக்கு அந்தக் கிருமிக்கு எதிராக இடும் தடுப்பூசி, கடலை நஞ்சின் கொடுமையையும் குறைக்கிறது என்றால் வியப்பன்றோ! மூன்றாவது வினாவை மறந்தோமானால் இதனைக் கண்டிருக்கவே முடியாது. இன்னொன்றும் நோக்குங்கள். 20 கிலோ எடையுள்ள தம்பி, அண்ணனுக்குச் சமமாக 50 கிராம் தின்றால், அவன் உடலுக்கு 37.5 நானோகிராம், அண்ணனைப்போல் இரண்டரை மடங்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தார் நேரே உண்ணும் நிலக்கடலைக்கு வைத்த வரம்பு 4 மைக்ரோகிராம். நேரே உண்பதற்கு நம் நாட்டு வரம்பு 10. அவர்கள் கல்லீரல் மென்மையானது, நம்முடையது இரும்பாலானது என்பதன்று காரணம். வரம்பு என்பது நலத்திற்கும் உழவர் பிழைப்பிற்கும் இடையே செய்துகொண்ட உடன்படிக்கை. அதற்குக் கீழே நஞ்சு அமுதாகிவிடுவதில்லை. மேலே சென்றால் உடனே உயிர் போவதுமில்லை. இதனை அறியாமல் செய்தித்தாளில் ‘வரம்பு மீறியது’ என்று கண்டவுடன் அலறுவோரையும், ‘வரம்பிற்கு உட்பட்டது’ என்றவுடன் உறங்குவோரையும் நான் ஒருங்கே கண்டிருக்கிறேன்.

கணக்கின் முதல் எண்ணாகிய ‘உணவில் நஞ்சு எவ்வளவு’ என்பதை அறிவதிலே ஒரு சங்கடம் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. கடலைக்கு அது செல்லாது. குழம்பில் உப்புப்போல் நஞ்சு கோணி முழுதும் கலந்திருப்பதில்லை. அரிசியில் கல்லைப்போல் எங்கோ சில பருப்புகளில் திரண்டு கிடக்கும். பல்லாயிரம் பருப்புகளில் ஒன்றிரண்டே முழுக் கோணியையும் வரம்பு கடக்கச் செய்துவிடும். ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தவர் ‘குற்றமில்லை’ என்பார். அடுத்த கைப்பிடி அள்ளியவர் ‘பெருங்குற்றம்’ என்பார். இருவரும் மெய்யே பேசுகின்றனர். பல இடங்களிலிருந்து பல கிலோ எடுத்து, ஒன்றாய் அரைத்துச் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது.

அழுகிய கடலையை நாம் உண்ணாமல் மாட்டுக்கு இட்டுவிட்டால் தப்பினோம் என்பதும் இல்லை. செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலே தங்கும். அதனைத் தின்ற பசுவின் பாலில், ஒரு நாளைக்குள்ளேயே எம்1 என்னும் மாற்றுருவில் அது தோன்றும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. நல்ல தீவனத்திற்கு மாற்றினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும். பாலுக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். குழந்தைகளுக்குப் பாலே உணவாதலால் இத்துணைக் கடுமை.

தடுக்கும் வழிகள் நம் பாட்டிமார் அறியாதன அல்ல. விளைச்சலின் கடைசி நாட்களில் வறட்சி தாக்கினாலும், பூச்சி துளைத்தாலும், பூஞ்சணம் மண்ணிலிருந்தே காய்க்குள் புகும். பிடுங்கியபின் விரைவாகக் காயவைக்க வேண்டும். பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8 பங்கிற்கு மேற்படலாகாது. காயைக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கவேண்டும் என்பது எங்கள் ஊரார் கண்ட ஈரமானி. கோணியை வெறுந்தரையில் சாத்தாமல் பலகைமேல் அடுக்குவதும், மழைத்தாரை எட்டாமல் காப்பதும் அவ்வாறே. கொப்பரையும் வற்றல் மிளகாயும் இதே காவலுக்கு உரியவை. உண்ணும்போது சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, கசப்பது ஆகிய பருப்புகளை நீக்கிவிட்டால் நஞ்சில் பெரும்பங்கு நீங்கிவிடும். அது சில பருப்புகளில் திரண்டு கிடப்பதால் நமக்குக் கிடைத்த நன்மை இது. கசந்த கடலையை விழுங்குவது நாகரிகம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள், துப்பிவிடுங்கள்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அந்த அம்மாளை ஊரில் சந்தித்தேன். முதுமையால் தளர்ந்திருந்தார். பழைய கோணியை நினைவூட்டி, “அன்று நீங்கள் சொன்னதே சரி, நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். அவர் சிரித்தார். “நீங்க சொன்னீங்கன்னு வறுத்தேன் சார். ஆனா ராத்திரியெல்லாம் உக்காந்து முறத்துல போட்டு ஒவ்வொண்ணா பொறுக்கினேன். சுருங்கினது, பூசணம் புடிச்சது எல்லாத்தையும் தோட்டத்துல குழி வெட்டிப் புதைச்சுட்டேன். ரெண்டு கோணியில முக்கால் கோணி போயிடுச்சு. நீங்க அளந்தா பார்த்தீங்க?” என்றார். மாட்டுக்குப் போடவில்லையா என்று கேட்டேன். “பால் குடிக்கிறதும் அதே புள்ளைங்கதானே சார்” என்றார்.