பெற்றோரை இழந்த பிள்ளைகளும் நம் இல்லங்களும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் ஆற்றிய பணிகளை முன்னர்ப் பேசியோர் விரித்துரைத்தனர். நாம் செய்யத் தவறிய ஒன்றைப் பற்றியே நாங்கள் இங்குச் சொல்ல விழைகின்றோம்.

தாடிக்கொம்பிலோ குடகனாற்றை அடுத்த சிற்றூர்களிலோ ஒரு பிள்ளை பெற்றோரை இழந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், அதனை விடுதியில் சேர்த்துவிடுவது நம் வழக்கம். உணவும் உடையும் நூல்களும் கிடைத்துவிட்டன, நம் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தோம். ஓர் ஆண்டு, தேர்வு முடிந்து விடுதியைப் பூட்டும் நாளில், மற்றப் பிள்ளைகள் எல்லாம் பெட்டியும் பையுமாகப் பேருந்து ஏறிவிட்டனர். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் வாயிற்படியில் அமர்ந்திருந்தான். அவனை வளர்த்த பாட்டி மாசி மாதமே இறந்துபோனதை நம்மில் எவரும் அறிந்திருக்கவில்லை. "நான் எங்க சார் போகட்டும்?" என்று கேட்டான். அந்தக் கோடை முழுவதும் அவனை வீடு வீடாக மாற்றி வைத்திருந்தோம். அதனை இன்று நினைத்தாலும் நாணமாகவே இருக்கின்றது.

பிறர் பெற்ற பிள்ளையை வளர்ப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. தாய் இறந்தால் சித்தியும், தந்தை இறந்தால் அத்தையும் பாட்டியும், கூலிக்குச் சென்று கஞ்சி ஊற்றி வளர்த்தே வந்துள்ளனர். ஆயினும் அந்த வளர்ப்புக்குத் தாள் ஒன்றும் இல்லை. ஆதலால் உதவியும் இல்லை. மிஷன் வாத்சல்யா என்னும் திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஊரகத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பத்தில் வளரும் இத்தகைய பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் அளிக்கின்றது. இறப்புச் சான்றிதழ் பெறாமலேயே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும் நம் குடும்பங்களுக்கு இவை எட்டுவதில்லை. விண்ணப்பம் எழுதித் தரப் படித்த இளைஞர் பத்துப் பேர் போதும்.

உறவினரும் இல்லாத பிள்ளைக்கு வழி என்ன? தத்தெடுத்தல் ஒன்று, வளர்ப்புப் பராமரிப்பு மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பலர் அஞ்சுகின்றனர். தத்தெடுத்த பிள்ளை சொத்துரிமையுடன் முழுமையாக நம் பிள்ளை ஆகிவிடுகின்றது. வளர்ப்புப் பராமரிப்பிலோ, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி குறித்த காலத்திற்கு நம் இல்லத்தில் வளர்கின்றது. பெற்ற தாய் நலம் பெற்றால் அவளிடமே திரும்பலாம். 2024-ஆம் ஆண்டின் திருத்திய நெறிமுறைகள், 35 முதல் 60 வயதுக்குட்பட்ட தனித்து வாழ்வோரையும் இதற்கு ஏற்கின்றன. சட்டப்படி தத்துக் கொடுக்கத் தக்க பிள்ளையாயின், ஈராண்டு வளர்த்த பின் அவர்களே தத்தெடுக்கவும் கேட்கலாம்.

நம் மாவட்டத்திற்கு இதில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் திண்டுக்கல்லுக்கும் வந்தது. ஏன் வர நேர்ந்தது என்பதை இங்குள்ள மூத்த தாய்மார்கள் அறிவார்கள். கைக்குழந்தையைக் கேட்டுக் காத்திருப்போர் பலர். எட்டு வயதுப் பிள்ளையையும், கால் ஊனமுற்ற பிள்ளையையும் கேட்பவர் அரியர்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறிவிடுகின்றோம். பிள்ளை இல்லாத நம் குடும்பம் ஒன்றிடம் இதுபற்றிப் பேசச் சென்றோம். மலர்ந்த முகத்துடன் கேட்டிருந்த பெரியவர், இறுதியில், "புள்ள நம்ம ஆளுக தானா, இல்ல வேற பிரிவா?" என்றார். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள விடாதவர்கள் நம் பாட்டனாரிடம் கேட்ட கேள்வி அல்லவா அது? நாங்கள் தேநீரை அருந்திவிட்டு, மறுமொழி கூறாமல் எழுந்து வந்துவிட்டோம். கூறியிருக்க வேண்டும். தத்தளிக்கும் முறையில் சாதி கேட்டுப் பிள்ளையைத் தெரிவு செய்ய இடமில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

கிறித்தவ உறவினர்களுக்கு ஒரு சொல். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. முன்னர்ப் பாதுகாவலராக மட்டுமே இருக்க இயன்றது. இன்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம். மாவட்ட ஆட்சியரே ஆணை வழங்குகின்றார். மருத்துவமனை வாயிலில் தரகர் எவரேனும், "குழந்தை இருக்கு, இவ்வளவு கொடுங்க" என்றால் அது குற்றம். பிள்ளை திரும்பப் பறிக்கப்படும். நீங்களும் வழக்கில் நிற்க நேரும். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சங்க அலுவலகத்தில் இன்று ஒரு பதிவேடு திறந்துள்ளோம். இரு குடும்பத்தார் பெயர் தந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் தனித்து வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியை. அடுத்த வாரம் அவர்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு நாங்களே அழைத்துச் செல்கின்றோம். விசாரணையும் இல்ல ஆய்வும் முடியச் சில மாதங்கள் ஆகும். இப்போது புறப்பட்டால்தான் வரும் கோடை விடுமுறைக்குள் ஆணை கைக்கு வரும். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து எங்களைக் காணுங்கள்.